சுருக்கத்துக்கு விட்ட இடம்

"எவ்வளவு இருக்கு?" என்றுதான் அவர் கேட்பார். பயமா என்று கேட்டதில்லை. பயப்படாதே என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பனியன் துணி தண்ணீரில் பட்டால் சுருங்கும் என்பது எப்படிச் சந்தேகமில்லாத விஷயமோ, அப்படித்தான் ஆட்களுக்குப் பயம் இருக்கும் என்பதும் அவருக்கு. எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பதில் வரும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் பொய் சொன்னால் எழுத மாட்டார்.

எங்கள் பனியன் கம்பெனியில் அவர் பேட்டர்ன் செக்‌ஷன். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சட்டையின் படத்தை அனுப்பினால், அதன் முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை வெட்டித் தருவார். அந்த அட்டையை வைத்துத்தான் துணி வெட்டுவார்கள். துவைத்தால் துணி எத்தனை சுருங்கும் என்று முதலிலேயே பார்த்து, அந்த அளவுக்கு அட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டும். அந்தக் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "பேரச் சொன்னா நாலு பேரு திரும்பிப் பாப்பாவ" என்பார். அதனால் இங்கும் சொல்லவில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியாது. நான்கு வருடங்களுக்கு முன் திருப்பூரை விட்டுப் போனார். எங்கே என்று கேட்டதற்கு, போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறேன் என்றவர் சொல்லவில்லை.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலை இருந்தது. நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற இசையை, அவ்வளவாக வாசிக்கத் தெரியாத நாலு பேருக்கு ஏற்றமாதிரி எளிதாக்கி எழுதுவது. சேம்பர் மியூசிக் என்று அதற்குப் பெயர். பெரிய குழு கிடையாது, முன்னால் நின்று கைகாட்டுகிறவர் கிடையாது. ஒரு பாகத்துக்கு ஒரே ஆள். அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போதும் என்னால் சுலபமாக எழுத முடியவில்லை.

ஏனென்றால் நான் அதுவரை வயலின் வாசித்ததெல்லாம் முப்பது பேருக்கு நடுவில். கல்லூரியில் படித்தபோது அவினாசி ரோட்டில் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். முப்பது பேரும் ஒரே வரியைத்தான் வாசிப்போம். கடினமான இடம் வந்தால் வில்லைக் கம்பியில் படாமல் காற்றில் இழுப்பேன். பார்ப்பவருக்கு எல்லாரோடும் சேர்ந்து என் கையும் போய் வருவதுபோல இருக்கும். இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன். படிப்பிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தறியில் இருந்தவர், அம்மா எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் தைத்த பீஸ்களில் குறை பார்ப்பவர். இங்கிலீஷ் பேசுகிற கூட்டத்தில் நானும் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரியாது என்பது என்றைக்காவது எல்லாருக்கும் தெரிந்துபோகும் என்ற பயம் சாப்பிடும்போதுகூட என்னோடு உட்கார்ந்திருக்கும்.

நான் மெர்ச்சன்டைசராக, அதாவது வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் பேசுகிற வேலையில், சேர்ந்த இரண்டாவது மாதம், என் மேஜைக்குக் கீழே வயலின் பெட்டி இருப்பதை அக்கா பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பேட்டர்ன் ரூமுக்கு வரச் சொன்னார். போனால், கொக்கிகளில் அட்டைகள் சட்டை சட்டையாகத் தொங்குகிற அந்த அறையில் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் அயர்னிங் செக்‌ஷன் அண்ணன். குன்னத்தூர்க்காரர், கல்யாணங்களுக்குப் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். இன்னொருவர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை செய்கிற பெண். வயலினில் நாலு கிரேடு பரீட்சை எழுதியவர், அதை அடிக்கடி சொல்லவும் செய்பவர். அக்கா ஒரு பழைய கீபோர்டில் அடிச்சுரங்களை வாசிப்பார். நான் இரண்டாவது வயலின்.

முதல் நாள் வாசிக்கவே விடவில்லை. சட்டை அளவு எழுதுகிற அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். மேலே நெக், செஸ்ட், ஸ்லீவ், பேக் நெக் என்று வரிசையாக இருக்கும். ஓரத்தில் எங்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதி, "எங்கன வருது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கிளாரினெட் அண்ணன் சிரித்துக்கொண்டு விளக்கினார். "பயம் ஒடம்புல எந்த எடத்துல வருதுன்னு கேக்கறாங்க தம்பி. எனக்கு நெஞ்சுல. எட்டு எண்றதுக்குள்ள மூச்சு தீந்துருமோன்னு. அயர்ன் ஆவியிலயே நின்ன நெஞ்சு பாருங்க."

லேப் பெண் தனக்குப் பயமே கிடையாது என்றார். அக்கா அவர் வரிசையில் ஒன்றும் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

நான் வலது மணிக்கட்டு என்றேன். அவர் எழுதவில்லை. பிறகு, மணிக்கட்டு சும்மா இருக்கும்போது என்றேன். வாசிக்கும்போது இல்லை, நாலு பார், அதாவது தாளத்தில் நாலு சுற்று, நிறுத்திவிட்டுத் திரும்ப உள்ளே வர வேண்டுமே, அப்போது. அதுவும் தனியாக வர வேண்டுமென்றால். இதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே அதுவரை அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அவர் ஸ்லீவ் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

"எவ்வளவு?"

"நிறையங்கக்கா."

"நெறயன்னா அளவு இல்லல்லா."

"பாதி," என்றேன். எதில் பாதி என்று தெரியாது. அவருக்கு அது போதும்போல.

அடுத்த ஞாயிறு எங்கள் பாகங்கள் தயாராக இருந்தன. பேட்டர்ன் அட்டையின் பின்பக்கத்தில் ஐந்து கோடு இழுத்து, கண்ணை உறுத்தாத பெரிய புள்ளிகளாக எழுதியிருந்தார். மாணவர்களுக்கான பியானோ புத்தகத்திலிருந்து எடுத்த சின்ன நடன இசை. ஒன்று-இரண்டு-மூன்று என்று சுற்றுகிற வகை. என் பாகத்தில் மொத்தமே நாலு சுரங்கள். இரண்டு, விரலே வைக்க வேண்டாத திறந்த கம்பிகள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, உயிர் வந்தமாதிரியும் இருந்தது. வயலினுக்கு எளிதான சுருதியை எடுத்தால் கிளாரினெட்டுக்கு முள்ளாகிவிடும் என்பதால் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் எங்கள் சுருதியையே வைத்து, அண்ணனின் பாகத்திலிருந்து விரல் இடறுகிற சுரங்களை மட்டும் எடுத்து அவற்றை அடியில் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டார். அண்ணனின் வரிகள் எல்லாம் ஆறு எண்ணுவதற்குள் முடிந்து மூச்சுவிட இடம் கொடுத்தன.

அட்டைகளின் ஓரத்தில் அங்கங்கே சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. நாட்ச் என்பார்கள். சட்டையின் கையும் உடம்பும் தைக்கும்போது இந்த வெட்டும் அந்த வெட்டும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்; இல்லாவிட்டால் தையல் எங்கேயோ போய்விடும். நாலு பேரின் அட்டையிலும் ஒரே பாருக்கு நேராக வெட்டியிருந்தார். வாசிக்கையில் எங்கேயாவது தொலைந்துவிட்டால் அடுத்த வெட்டுக்குப் போய் நின்றுகொள்ள வேண்டும். "நாங்க அங்கன வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போவோம்" என்றார். வழி தவறுகிறவனுக்காக ஒருவர் முன்கூட்டியே ஓர் இடம் பார்த்து வைத்திருப்பது எனக்கு அதுதான் முதல்தடவை.

ஆனாலும் அவரைப் பார்க்க எனக்குப் பயமாகவே இருந்தது. அவருக்கு மற்றவர்கள் மறைப்பது தெரிந்துவிடுகிறது. கேன்டீனில் ஒருவர் டம்ளரைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்து, "இவியள இன்னிக்கு ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காவ" என்று முணுமுணுப்பார். சரியாக இருக்கும். பலர் அவர் உட்காரும் பெஞ்சுக்கு வர மாட்டார்கள்.

லேப் பெண் ஒரு ஞாயிறு வெடித்துவிட்டார். தன் பாகத்தில் மேல் சுரம் ஒன்றுகூட இல்லை, புத்தகத்தில் இருக்கிறதே, ஏன் எடுத்தீர்கள் என்று. "எனக்கு வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? நாலு கிரேடு முடிச்சிருக்கறனுங்க."

அக்கா அளவுத் தாளைத் திருப்பிக் காட்டினார். லேப் பெண்ணின் வரிசை நிரம்பியிருந்தது. எந்த ஞாயிறு, எந்தப் பாரில், அவருடைய இடது தோள் காதுவரைக்கும் ஏறியது என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கொஞ்ச நேரம் கொக்கியில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துக்கொண்டு அழுதார். போகும்போது என்னிடம், "எக்ஸ்ரே எடுக்கறவங்ககூட சட்டையப் போட்டுக்கிட்டு நிக்க உடுவாங்க" என்றார். ஆனால் அடுத்த வாரம் வந்தார். அவர் அட்டையில் அந்த மேல் சுரம் திரும்ப வந்திருந்தது, குட்டியாக, மற்ற சுரங்களில் பாதி அளவில். பக்கத்தில் 'வந்தா வாசி' என்று எழுதியிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து வாசித்தார்.

பயந்த ஆள் வாசிக்கிற இடத்தைச் சுருக்க மாட்டான், சும்மா இருக்கிற இடத்தைத்தான் சுருக்குவான் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. மௌனம் தாங்காமல் சீக்கிரம் உள்ளே விழுந்துவிடுவான். "சுருங்கும்னு தெரிஞ்ச பொறவு துணிய ஏசப்படாது தம்பி. பேப்பர்ல எடம் விடணும்." இதை அவர் சொன்னபோது துணியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்த நடன இசையில் ஓர் இடம் உண்டு. நாலு பேரும் ஒன்றாக நிற்போம். பிறகு இரண்டாவது வயலின் மட்டும் தனியாக மெட்டைத் தொடங்க வேண்டும். அதைக் கேட்டு மற்றவர்கள் வருவார்கள். அவர்கள் மூன்று பேரின் அட்டையிலும் அந்த இடத்தில் எண்ணிக்கை கிடையாது. 'தம்பி வந்ததும்' என்று மட்டும் இருந்தது. என் அட்டையில் நாலு பார் மௌனம். பாருக்கு மூன்றாகப் பன்னிரண்டு எண்ண வேண்டும். எல்லாருக்கும் பயத்துக்கு ஏற்ப வெட்டிக் கொடுத்தவர் எனக்கு மட்டும் நான் சொன்ன பயத்தையே எழுதி வைத்திருந்தார்.

கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"சுருங்குற எடத்தயெல்லாம் வெட்டி எறிஞ்சா பொறவு சட்ட எங்க இருக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வராட்டா அந்தச் சுரத்த நான் போட்டுருதேன். என் வெரலு அதுமேலயேதான் இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

இந்த ஒரு வாக்கை நம்பித்தான் நான் தொடர்ந்து போனேன். பயிற்சியில் ஒவ்வொரு தடவையும் எப்படியோ பன்னிரண்டு எண்ணி உள்ளே வந்துவிடுவேன். வந்ததும் கீபோர்டைப் பார்ப்பேன். அவர் விரல் அந்தக் கட்டையின் மேல் இருக்கும்.

இதற்கிடையில் அலுவலகத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு வீடியோ அழைப்பில், வெளிநாட்டுப் பெண்மணி என்னிடம் நேராக ஏதோ கேட்டார். கேள்வி புரிந்தது, பதிலும் தெரியும். வாய் திறக்கவில்லை. முதலாளியே பேசிச் சமாளித்தார். முடிந்ததும் மரியாதையாகத்தான் சொன்னார், அவர் யாரையும் வாடா போடா என்று பேசுகிறவர் அல்ல. ஆபீசில் வாய் வராவிட்டால் கஷ்டம், புரொடக்‌ஷன் பக்கம் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றார். செக்கிங் டேபிளில் என் அம்மாவை எல்லாரும் 'மெர்ச்சன்டைசர் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வார ஞாயிறே முதலாளி பேட்டர்ன் ரூமுக்கு வந்து நின்றார். வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அனுமதியில்லாமல் கம்பெனி அறையில் வெளியாள் ஒருவரையும் வைத்துக்கொண்டு வாசிக்கிறோம். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்கள் முன்னால் வாசிக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குப் பாக்கறனுங்க தம்பி. முந்நூறு பேருக்கு முன்னால நிக்கறீங்களான்னு. அப்பறம் அந்த மாத்தற விசயத்த முடிவு பண்ணிக்கலாம்."

அவர் போனதும் அண்ணன் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டு, "எனக்கே நெஞ்சு அடைக்குதுங்க" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கீபோர்டின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்று தடவை சுருட்டி, மூன்று தடவை பிரித்தார். அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் என் பயத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கிற நிலையில் இல்லை.

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. நிலைகளில் வாழைக்கன்று. கட்டிங் டேபிளை ஒதுக்கிவிட்டு அங்கே எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். செக்‌ஷன் செக்‌ஷனாகத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்; பின்னால் பீகார் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். முன் வரிசையில் முதலாளி. அவருக்கு இரண்டு வரிசை தள்ளி அம்மா, கத்தரிப்பூ நிறப் புடவையில், மடியில் பொரிப் பொட்டலத்தோடு. முந்தின நாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நீ நின்னா போதுஞ் சாமி. என்னத்தையோ வாசி" என்றிருந்தார். இப்போது பொரிப் பொட்டலத்தின் வாயை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அக்கா கீபோர்டை எங்களுக்குப் பின்னால் தள்ளிப் போடச் சொன்னார். மேனேஜர் கேட்கவில்லை, ஆட்களுக்குத் தெரிய வேண்டாமா என்று நடுவில் இழுத்துப் போட்டுவிட்டார். அக்காவுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஓவர்லாக் தையல் செக்‌ஷன் பெண்கள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தொடங்கினோம். முதல் பாதியில் என் நாலு சுரமும் ஓடின. என் காது அடைத்துவிட்டது. மற்றவர்கள் வாசிப்பது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. ஓரத்து வெட்டைப் பார்த்தேன். அந்த இடம் வந்தது. நாலு பேரும் நின்றோம்.

எண்ணத் தொடங்கினேன். வேறெதுவும் என் கையில் இல்லை. மெட்டு மறந்துவிட்டது. முதல் சுரம் என்ன என்பது மறந்துவிட்டது. எண் மட்டும் இருந்தது. என் கண் எப்படியோ அம்மாவிடம் போனது. அம்மா பீஸ் எண்ணுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்று விரட்டினாலும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போவார். டஜன் முடியாமல் கை நிற்காது. அப்படி எண்ணினேன். மூன்று. நாலு. ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் பார்த்தேன். ஐந்து. ஆறு.

ஆறிலோ ஏழிலோ யாரோ கைதட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த நொடியில் மொத்தக் கூடமும் தட்டியது. முதலாளி எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து மேனேஜர் திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கி, உச்சியில் கற்பூரத்தைப் பற்றவைத்துவிட்டார். எட்டு. லேப் பெண் என்னைப் பார்த்தார். அவர் தோள் காதுவரைக்கும் ஏறியிருந்தது. அண்ணன் வாயில் கிளாரினெட்டை வைத்தபடி புருவத்தால் என்னைக் கெஞ்சினார். ஒன்பது. இனி அக்கா அந்தச் சுரத்தைப் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பத்து. கைதட்டலுக்கு நடுவில் அம்மா மட்டும் தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று. அக்கா, அக்கா என்று உள்ளுக்குள் கத்தினேன். பன்னிரண்டு.

வில்லை வைத்தேன். கம்பியில் பட வைத்தேன். சுரம் விரலுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

கைதட்டல் அங்கங்கே அறுந்து அடங்கியது. முதலாளி பாதி நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேனேஜரால் பூசணிக்காயை இறக்கவும் முடியவில்லை, உடைக்கவும் முடியவில்லை. மிச்சப் பாட்டு முழுக்க எரிகிற கற்பூரத்தோடு அதை ஏந்திக்கொண்டு நின்றார். கிளாரினெட் வந்தது, லேப் பெண் வந்தார். அடிச்சுரம் கொஞ்சம் தாமதித்து, ஒரு வெட்டு தள்ளி வந்து சேர்ந்துகொண்டது.

முதலாளி பிறகு என் தோளைத் தட்டினார். நடுவில் அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது வேண்டுமென்றே செய்தது என்று அவர் முடிவு செய்திருந்தார். "நானே எந்திரிச்சுட்டேன். நீங்க அசையலீங்களே" என்றார். மாற்றுகிற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நானும் அவரைத் திருத்தவில்லை. அம்மா பொரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். முறுக்கி முறுக்கிக் கிழிந்து, பாதிப் பொரி கொட்டிப் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு பேட்டர்ன் ரூமில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "அத்தன நேரமுங்களா தம்பி? என்ற உசுரே போயிருச்சு. எந்த ஊர்க் கணக்கு அது?"

பன்னிரண்டு என்றேன். அட்டையைக் காட்டினேன். லேப் பெண் பையிலிருந்து மூலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதில் இரண்டு பார்தான் மௌனம். ஆறு எண்ணினால் போதும்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் உடனே ஒப்புக்கொண்டார். பாதி என்று நான்தானே சொன்னேன். பாதி சுருக்குகிறவனுக்கு ஆறு வேண்டுமென்றால் பன்னிரண்டு எழுத வேண்டும். அவ்வளவு நாளும் பயத்தில் இரண்டு மடங்கு வேகமாக எண்ணி, சரியாக ஆறில் வந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறேன்; பன்னிரண்டு எண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு. ஆயுத பூஜை அன்று மட்டும் நான் சுருங்கவில்லை. அவர் விட்ட இடம் அப்படியே வெளியே தெரிந்துவிட்டது.

அண்ணன் சிரித்தார். லேப் பெண்ணும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்பதும் பத்தும் பதினொன்றும் இன்னும் என் மணிக்கட்டில் இருந்தன. அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனதும் கேட்டுவிட்டேன்.

"ஆறுலயே வந்திருக்கணும்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்கக்கா. நீங்க ஏன் அந்தச் சுரத்தப் போடல?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"வெரலு கட்டைமேலதான் இருந்துச்சு தம்பி. எறங்கல."

"ஏங்கக்கா எறங்கல?" என்றேன்.

"கைதட்டுனாவல்லா. பின்னால இருந்தும் தட்டுனாவ. அம்புட்டுதான். அதுக்குப் பொறவு என் கை என் கையா இல்ல."

அப்போதுதான் கீபோர்டின் மேல் கிடந்த அவருடைய அட்டையைப் பார்த்தேன். அத்தனை மாதத்தில் அதை ஒரு தடவைகூட நான் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. எங்கள் அட்டைகளில் ஆறேழு வெட்டுகள் இருக்கும். அவருடையதில் ஒவ்வொரு பாருக்கும் ஒரு வெட்டு. ஓரம் முழுக்க ரம்பப் பல் மாதிரி இருந்தது. எந்த நொடியில் தொலைந்தாலும் நிற்க ஓர் இடம். நான் விழுந்தால் பிடிக்க யார் கீழே நிற்கிறார் என்று நம்பியிருந்தேனோ, அவர் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டுதான் அங்கே நின்றிருக்கிறார். கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு அது போய்விட்டது.

சுவரில் மாட்டியிருந்த அளவுத் தாளை எடுத்தேன். மூன்று பெயர்கள். அவருக்கு வரிசையே இல்லை. அடியில் காலியாக இருந்த இடத்தில் 'அக்கா' என்று எழுதினேன். அவர் தடுக்கவில்லை.

"எங்கீங்கக்கா வருது?"

அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரிக்குக் கீழே தொட்டார். ஊரில் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசித்தவராம். பதினெட்டு வயதில். ஆர்கன் சபைக்குப் பின்னால் இருக்கும்; வாசிப்பவர் சுவரைப் பார்த்து, சபைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஒரு கல்யாணத்தில், ஜெபம் முடியும் முன்பே வாசித்துவிட்டார். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. பெண் திரும்பினாள், மாப்பிள்ளை திரும்பினான், தன் சொந்த அப்பாவும் திரும்பினார்.

"அதுக்குப் பொறவு யாரும் பின்னால இருந்தாலே அங்கன வந்துரும்."

அளவுத் தாளில் அதற்கு ஏற்கெனவே அச்சடித்த கட்டம் இருந்தது. பேக் நெக். அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

"எவ்வளவு இருக்குங்கக்கா?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பேட்டர்ன்காரர்கள் துணியின் அகலத்தைக் காட்டுவார்களே, அப்படி. விரித்துக்கொண்டே போனார். நான் தாளைப் பார்த்தேன். கட்டம் ஒரு இஞ்ச்கூட இல்லை.

கட்டிங் டேபிளுக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை உருவி, அளவுத் தாளின் ஓரத்தில் ஒட்டத் தொடங்கினேன்.